கூடிப் பயணம் போவோம்

  

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கூட்டுப் பயணம். ஒரு தோட்டத்தைச் சேர்ந்த பத்து இருபது குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே வண்டியில் ஏறி, நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டு, ஒரே வண்டியில் வீடு திரும்புவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். "இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கையில் காசு இருந்தால் போகிறோம், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கிறோம்" என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகளின் கல்வியும், நம் தோட்டத்து ஒற்றுமையும், நம் முதியவர்களின் மனநிறைவும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே சற்று நேரம் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பயணம் என்பது நம் குடும்பங்களுக்குப் புதியதா? இல்லை. நாம் இந்த மண்ணுக்கு வந்ததே பயணத்தால்தான். நம் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறினார்கள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1973ஆம் ஆண்டுவரை ஓடிய ரஜூலா என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, வெயிலிலும் மழையிலும் வந்தார்கள். பினாங்கை நெருங்கியதும் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டார்கள். பிறகு எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வேலை என்பதை அவர்கள் முடிவு செய்யவில்லை. கங்காணி காட்டிய பக்கம் நடந்தார்கள்.

அதைவிடக் கொடுமையான பயணமும் உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் ஆட்சியில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில் பாதை போடப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பி வரவில்லை. அந்தப் பாதைக்கு நம் மக்கள் வைத்த பெயர் மரண ரயில்.

ஆக, நம் முன்னோர்களுக்குப் பயணம் என்றால் யாரோ அனுப்பப் போவது, அல்லது யாரோ பிடித்துக்கொண்டு போகப் போவது. எங்கே போவது, எப்போது போவது, யாரோடு போவது என்பதை நாமே உட்கார்ந்து பேசி முடிவு செய்து புறப்படுகிறோமே, இது அவர்களில் பலருக்குக் கிடைக்காத உரிமை. ஒரு தோட்டத்து மக்கள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே வண்டி பேசி, தாங்களே நாள் குறித்துப் புறப்படுவதைச் சாதாரணக் காரியமாக எண்ணிவிடக் கூடாது.

கூட்டமாகப் போகும் வழக்கம் நமக்குத் தைப்பூசத்தோடு வளர்ந்தது எனலாம். பத்துமலைக் குகையில் 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்தே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்த நாளில் தோட்டத்து லோரியில் பலகை போட்டு, கித்தான் கட்டி, இரவோடு இரவாகப் புறப்படுவார்கள். பிள்ளைகள் தாய் மடியில் தூங்குவார்கள். பெரியவர்கள் விடிய விடியப் பாடுவார்கள். விடியற்காலையில் குகைப் படிகளின் அடியில் இறங்கும்போது, தோட்டமே பெயர்ந்து வந்து நிற்பதுபோல் இருக்கும். லோரியில் ஆள் ஏற்றிச் செல்வது ஆபத்து. இன்று யாரும் அப்படிப் போகக் கூடாது. ஆனால் அந்த லோரியில் இருந்த ஒட்டுறவை நாம் ஏன் கைவிட வேண்டும்?

இன்றைய நிலை என்ன? வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சில வீடுகளில் கார் இருக்கிறது. அவரவர் வசதிக்கு அவரவர் போய் வருகிறார்கள். அது தவறன்று. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்க நமக்கு வாய்ப்பு எங்கே இருக்கிறது? காலையில் பிரட்டுக்களத்தில் பார்க்கிறோம். ஒருவர் ஒரு வெளிக்கு, மற்றவர் வேறொரு வெளிக்கு என்று பிரிந்து போகிறோம். மாலையில் களைத்து வருகிறோம். இரவில் கையில் ஒரு கைப்பேசி. இருபது ஆண்டுகள் ஒரே வரிசையில் குடியிருந்தும், எதிர்வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியாமல் வாழ்கிறோம். தனி மரம் தோப்பாகாது என்று சொல்வார்கள். நெருங்கி நிற்கும் மரங்கள்கூட வேர் பின்னாவிட்டால் தோப்பாகா.

இதை எங்கள் அனுபவத்தைக் கொண்டே விளக்குகிறோம். கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் நாங்கள் பணியாற்றியபோது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக இரண்டு நாள் பயணம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். கோலகங்சார், தைப்பிங், பினாங்கு ஆகிய மூன்று ஊர்கள். ஒரே பேருந்து. அந்தத் தோட்டத்தில் மேட்டு லயம், ஆற்றோர லயம் என்று இரண்டு குடியிருப்புகள் இருந்தன. கோயில் திருவிழாவை யார் எடுத்து நடத்துவது என்ற வழக்கில் இரண்டு பக்கத்தாரும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாக விளையாடுவார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பிரிந்து நடப்பார்கள். பெரியவர்களின் சண்டையைப் பிள்ளைகள் சுமந்தார்கள்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது, "அவர்கள் வந்தால் நாங்கள் வரமாட்டோம்" என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். நாங்கள் ஒன்றுதான் சொன்னோம்: "இது பள்ளிப் பிள்ளைகளுக்கான பயணம். பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள். விருப்பமுள்ள பெற்றோர் கூட வரலாம்." பிள்ளைகள் விடுவார்களா? ஒரு வாரத்தில் பேருந்து நிறைந்துவிட்டது. இருக்கைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். யார் பக்கத்தில் யார் என்பது குலுக்கலின் முடிவு. யார் மீதும் யாரும் குறை சொல்ல வழியில்லை.

முதலில் கோலகங்சார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, "நம் குலதெய்வம் மாதிரி ஒரு மரம் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றோம். அது ஒரு ரப்பர் மரம். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனிலுள்ள கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அங்கே அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தத் தொடக்கக் காலத்து மரங்களில் எஞ்சி நிற்பதாகக் காட்டப்படும் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அப்படி வந்த ஒரு பிடிக் கன்றுகளின் வழியில்தான் நம் நாட்டு ரப்பர்க் காடுகள் பெருகின. அந்தக் காடுகளுக்காகத்தான் நம் முன்னோர்களில் பெரும்பாலோர் கப்பல் ஏறினார்கள். எண்ணிப் பாருங்கள், கைக்குள் அடங்கும் விதை ஒன்று நம் வமிசத்தையே கடல் தாண்டி நகர்த்தியிருக்கிறது!

அந்த மரத்தடியில் நாங்கள் ஒரு பாடம் நடத்த எண்ணியிருந்தோம். ஆனால் அன்று அங்கே ஆசிரியராக நின்றவர் நாங்கள் அல்ல. மேட்டு லயத்திலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி. நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். எங்கள் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால் மரம் வெட்டுவதை அவர்களில் பலர் கண்ணால் கண்டதில்லை. "பாட்டி, எப்படி வெட்டுவீர்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பாட்டி காற்றிலே விரலால் கோடு போட்டுக் காட்டினார். இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, சரிவாக வெட்ட வேண்டும். அப்போதுதான் அதிகப் பால் குழாய்கள் அறுபடும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். இவை எல்லாம் புத்தகத்தில் உண்டு. ஆனால் அவர் சொன்ன விதம் புத்தகத்தில் இல்லை. இரண்டு லயத்துப் பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்றார்கள். "இவ்வளவு கணக்கு இருக்கிறதா இந்த வேலையில்!" என்று ஒரு பையன் வியந்தான். அந்தப் பையனின் வீட்டார் அந்தப் பாட்டியின் வீட்டாரோடு பேசாதவர்கள்.

பெற்றோர்களே! நம் தொழிலைப் பற்றி நாமே தாழ்வாகப் பேசிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. "படிக்காவிட்டால் என்னைப்போல் காட்டு வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை மிரட்டுகிறோம். படிக்கச் சொல்வது சரிதான். ஆனால் நம் வேலையிலும் அறிவு இருக்கிறது, நுட்பம் இருக்கிறது என்பதைப் பிள்ளை அறிந்தால் அவன் படிப்பு கெட்டுவிடாது. தன் பாட்டியை மதிக்கக் கற்றுக்கொள்வான். அந்த மதிப்பை எங்கள் வகுப்பறைச் சுவர்களுக்குள் எங்களால் கொடுக்க முடியவில்லை. அந்த மரத்தடியில் அது தானாகவே கிடைத்தது.

அடுத்து தைப்பிங். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளை 1880ஆம் ஆண்டுகளில் அழகிய ஏரிப் பூங்காவாக மாற்றிய ஊர் அது. மழைக்குப் பெயர் பெற்ற ஊரும் அதுதான். மலாயாவின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓடியது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை. போர்ட் வெல்டுக்கு இன்றைய பெயர் கோல செபத்தாங். அந்தப் பூங்காவின் பெரிய மரங்களின் கீழ்தான் எங்கள் மதிய உணவு. சாப்பாடு கடையில் வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பண்டம் செய்து எடுத்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. புளிச்சோறு ஒரு வீடு, நெத்திலிச் சம்பல் ஒரு வீடு, அவித்த முட்டை ஒரு வீடு, மீகூன் ஒரு வீடு. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பரிமாறினோம். யார் வீட்டுச் சோறு யார் இலையில் விழுகிறது என்று பார்க்க அங்கே நேரமில்லை, பசிதான் இருந்தது. ஒரு வீட்டுச் சோற்றை உண்டபின் அந்த வீட்டைப் பற்றித் தூற்றிப் பேசுவது நம் பண்பாட்டில் எளிதன்று.

தைப்பிங்கை விட்டுப் புறப்பட்டபோது ஆற்றோர லயத்து முதியவர் ஒருவருக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மேட்டு லயத்து அம்மா ஒன்றும் பேசாமல் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். தைலம் தடவினார். தம் கைத்துணியால் வாயைத் துடைத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வண்டிக்குள் பேச்சின் சத்தம் கூடியது, பாட்டும் தொடங்கியது.

பட்டர்வொர்த்தில் எல்லாரும் இறங்கிப் படகில் ஏறினோம். வண்டியைப் பாலத்தின் வழியாக வரச் சொல்லிவிட்டோம். இன்று அந்தப் படகுகளில் நடந்துவரும் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே செல்லலாம். பேருந்தையும் காரையும் ஏற்றுவதில்லை. பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். இரண்டாவது பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது ஏறத்தாழ 24 கிலோமீட்டர். பாலம் இருக்கும்போது படகு எதற்கு என்று நினைப்பீர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அதுவரை கடல்மேல் போனதில்லை. நம் முன்னோர் வந்த கடலை அவர்கள் ஒருமுறையாவது தொட்டுப் போக வேண்டும் என்று நினைத்தோம்.

ஜார்ஜ்டவுன் நகரில் ஒரு தெருவை நடந்தே பார்த்தோம். பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் கிடையாது. அங்கே 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. சற்று நடந்தால் சீனர்களின் கருணைத் தேவி ஆலயம். ஊதுவத்திப் புகை வாசல்வரை வரும். பக்கத்துத் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த நம் மகா மாரியம்மன் ஆலயம். இன்னும் சிறிது தூரத்தில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801ஆம் ஆண்டில் அமைத்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நான்கும் கால் மணி நேர நடைக்குள். "இவர்களுக்குள் சண்டை வராதா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் மட்டுமா? கூட நடந்து வந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 2008ஆம் ஆண்டில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன. பல இனத்தவர் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து உருவாக்கிய நகரங்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அன்றிரவு ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். மறுநாள் பினாங்குக் கொடிமலைக்குப் போனோம். 1923ஆம் ஆண்டில் தொடங்கிய மலை ரயில் அது. 2011ஆம் ஆண்டுமுதல் புதிய வண்டிகள் ஓடுகின்றன. திரும்பும்போது பாலத்தின் வழியாக வந்தோம். வலப்பக்கத்தில் பச்சைப் பசேலென்று ஒரு தீவு. "அதுதான் ஜெரஜாக்" என்று சொன்னவுடன் வண்டி அமைதியாகிவிட்டது. "என் அப்பா அங்கேதான் கிடந்தாராம்" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே வேறொரு குரல், "எங்கள் தாத்தாவும்தான்." ஒரு குரல் மேட்டு லயம், மற்றது ஆற்றோர லயம்.

இந்தப் பயணத்தால் பகை ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். கோயில் வழக்கு அதன் பிறகும் நடந்தது. ஆனால் கூட்டத்துக்கு இரண்டு பக்கத்தாரும் வந்து உட்கார்ந்தார்கள். முகம் பார்த்துச் சண்டை போட்டார்கள். அதுவே ஒரு முன்னேற்றம் அல்லவா? இரண்டு மாதம் கழித்து ஆற்றோர லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு நள்ளிரவில் காய்ச்சல் முற்றியபோது, மருத்துவமனைக்குப் போன கார் மேட்டு லயத்திலிருந்து வந்தது. யாரும் யாரையும் கெஞ்சவில்லை.

அந்தத் தோட்டம் பின்னர் கைமாறியது. குடும்பங்கள் பல பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து போய்விட்டன. நேயர்களே, இதுதான் நாம் மிகவும் கவலைப்பட வேண்டிய செய்தி. தோட்டம் நமக்குச் சொந்தமன்று. வீடும் நமக்குச் சொந்தமன்று. தோட்டம் விற்கப்பட்டால் கோயிலும் திடலும் பள்ளியும்கூட இடம் பெயரலாம். அப்போது நம்மோடு எடுத்துப் போகக்கூடிய சொத்து என்ன? நம் உறவுகள்தாம். சேர்ந்து பயணம் போன அந்தக் குடும்பங்கள் இன்று வேறு வேறு ஊர்களில் இருந்தாலும், கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிவிடுகிறார்கள். வேலை காலி இருந்தால் தகவல் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளி மாற்ற வேண்டும் என்றால் உதவி கேட்கிறார்கள். தனித்தனியே சிதறிப் போனவர்களின் கதி என்னவென்று கேட்கவும் ஆளில்லை.

சரி, பயணம் நல்லது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். பணத்துக்கு என்ன செய்வது? சிறுகச் சேர்க்க வேண்டும். 1960ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் கொடிய காலத்தில், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு பேருந்து பேச முடியாதா?

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வாரம் 5 வெள்ளி. 26 வாரங்களில் 130 வெள்ளி. 20 வீடுகள் சேர்ந்தால் 2,600 வெள்ளி. வண்டி வாடகை ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஆகவே மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். பணத்தைத் தனியாள் ஒருவர் வீட்டுப் பெட்டியில் வைக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலோ கோயில் செயற்குழுவின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கூட்டுப் பிடிப்பதுபோல் இதை நடத்தவும் வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971ஆம் ஆண்டிலேயே சட்டத் தடை வந்துவிட்டது. அதில் பணம் இழந்து கண்ணீர் விட்ட தாய்மார்கள் பலர். மாதம் ஒருமுறை வரவு செலவை எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும்.

ஏற்பாடு செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சிலவற்றை இப்போது சொல்கிறோம்.

முதலாவது, பணம் கட்ட முடியாத குடும்பத்தை விட்டுவிடாதீர்கள். கணவரை இழந்த தாய், வேலைக்குப் போக முடியாத நோயாளி, இவர்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் வாசலில் நின்று வண்டியைப் பார்க்கக் கூடாது. இருபது வீடுகள் ஆளுக்குச் சிறிது கூடப் போட்டால் ஒரு வீட்டைச் சுமக்கலாம். யாருக்காகப் போட்டோம் என்பதை வெளியில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வண்டி. மலிவாகக் கிடைக்கிறதென்று உரிமம் இல்லாத வண்டியைப் பேசாதீர்கள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கெந்திங் மலைச் சாலையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். வண்டியின் உரிமம், பரிசோதனைச் சான்று, காப்புறுதி ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஓட்டுநருக்கு ஓய்வும் உணவும் கொடுங்கள். இரவு முழுவதும் ஓட்டச் சொல்லாதீர்கள். இடுப்பு வார் இருந்தால் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுங்கள்.

மூன்றாவது, மது. ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு போத்தல் வண்டியில் ஏறினால் மகிழ்ச்சி இறங்கிவிடும். அந்த வண்டியில் பெண்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பார்க்கக் கூடாததைப் பார்ப்பார்கள். இரண்டு நாள் தவிர்ப்பது முடியாத காரியமன்று.

நான்காவது, தாய்மார்கள். வீட்டில் சமைத்த கை, பயணத்திலும் சமைத்துக் கழுவிக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு அது பயணமா? பரிமாறுவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்களும் பெரிய பையன்களும் ஏற்றுக்கொள்ளட்டும். முதியவர்களையும் குழந்தைகளையும் மனத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். அன்றாடம் சாப்பிடும் மருந்தை அவரவர் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, தலை எண்ணிக்கை. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளரை வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

ஆறாவது, போன இடத்தைக் குப்பையாக்கிவிட்டு வராதீர்கள். நாம் எழுந்து போன பிறகு, நாம் யார் என்பதை நாம் உட்கார்ந்திருந்த இடம் சொல்லும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பயணம் போய் வந்தபின் நீங்கள் பார்த்ததைப் பத்து வரியாவது எழுதுங்கள். வர முடியாமல் வீட்டில் இருந்த தாத்தா பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் தங்கள் பயணத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். கப்பல், ரயில், முதல் தோட்டம், முதல் சம்பளம் என்று சொல்வார்கள். அதையும் எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பிறகு அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

நெடுந்தூரம் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். பக்கத்து ஊர்க் கடற்கரை, மாவட்ட நூலகம், அருகிலுள்ள நீர்வீழ்ச்சி, எதுவாக இருந்தாலும் சரி. பேராக்கில் இருப்பவர்களுக்குத் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் கட்டியது. மலாக்காப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. கெடாவில் இருப்பவர்களுக்குப் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம் அந்தப் பகுதி என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒரு நாள் பயணம் போதும். யாரோடு போகிறோம் என்பதே பெரிது.

வரும் பள்ளி விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே நான்கு வீட்டார் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே போகலாம் என்பதைப் பிள்ளைகளைக் கேளுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் அந்த ஒரு வீட்டுக்கும் போய், "நாங்கள் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். அழைப்பது நம் கடமை.